நிமிர்ந்து தொங்கிய நாலாம் நம்பர் சட்டை

கால்பந்து ஆடுகிறவர்கள் குடிக்கலாமா, கூடாதா, நாலு பேரோடு வெளியே போய் உட்காரலாமா, கூடாதா என்று இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு வந்தால் எனக்கு என் சித்தி மகன் ஞாபகம்தான் வரும். அவன் ஒரு நாளும் பந்தை உதைத்தவன் இல்லை. உதைத்தவர்களுடைய சட்டையைத் துவைத்தவன். இருபத்தாறு வருஷம், ஒரே கிளப்பில்.

என் அம்மாவோடு பிறந்தவர்கள் எல்லாம் பெண்கள். மொத்தம் ஐந்து பேர். மூத்தவளுக்குப் பெண்ணாகவே பிறந்தது. இரண்டாவது என் அம்மா. மூன்றாவது சின்ன வயசிலேயே போய்விட்டாள். நாலாவதுக்குக் குழந்தை இல்லை. கடைசிச் சித்திக்குப் பிறந்தவன் இவன். அதனால் அந்த வழியில் எனக்குத் தம்பி என்று இருந்தது இவன் ஒருத்தன்தான். கிளப்பில் அவனுக்குச் சோப்பு என்று பெயர். சின்னவர்கள் சோப்பண்ணே என்பார்கள். அவன் பெண்டாட்டி இருந்தவரைக்கும் கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அவனுக்கு மூக்கு அம்மா வழியில் வந்தது. பால் நன்றாக இருக்கும்போதே இது சாயங்காலம் கெட்டுப்போகும் என்று எங்கள் சித்தி சொல்லிவிடுவாள். கெட்டும் போகும். அந்த மூக்கு எனக்கு வரவில்லை. அவனுக்கு வந்தது.

அவன் வேலை செய்த இடம் மைதானத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். தகரக் கூரை. இரண்டு மெஷின், கறை தேய்க்க ஒரு சிமெண்டுத் தொட்டி, கதவுக்குப் பின்னால் ஷூக்களுக்கு ஒரு தட்டு. வெளியே நாலு கம்பிக் கொடி. காலையில் ஆட்டக்காரர்கள் ஓடிவிட்டு வந்து சட்டையைக் கழற்றிப் பெரிய கூடையில் எறிவார்கள். மெஷினில் போடுவதற்கு முன்னால் சோப்பு ஒவ்வொன்றையும் எடுத்து மூன்று தடவை முகர்வான். முதலில் கழுத்து, பிறகு அக்குள், கடைசியில் கீழ் ஓரம். புல் கறையா, ரத்தமா, எண்ணெயா என்று பிரிப்பதற்காகத்தான் அதை ஆரம்பித்தான். முந்தின நாள் குடித்தவனுடைய வேர்வையும் அதில் தெரிந்துவிட்டது. அது வேறு மாதிரிப் புளிப்பு என்பான். பழத்தை மூடிவைத்து மறந்த மாதிரி இருக்கும், அதுவும் அக்குளில்தான் இருக்கும் என்பான்.

இது கோச் காதுக்குப் போயிற்று. கோச் பழைய ஆள். காலை விந்தி விந்தி நடப்பார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் துவைக்கிற அறைக்கே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா சோப்பு, எவன் குடிச்சான்னு உனக்குத் தெரியுமாமே?"

"தெரியும் சார். ஆனா வாயால சொல்ல மாட்டேன். நாளைக்கு அவங்க மூஞ்சில நான் முழிக்கணும்."

"வாயால சொல்ல வேணாம். உனக்குத் துணி காயப்போடத் தெரியுமில்ல?"

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. சட்டைகளைக் கீழ் ஓரத்தில் கிளிப் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவது எப்போதும் உள்ள பழக்கம். குடித்தவன் சட்டையை மட்டும் தோளில் கிளிப் போட்டு நிமிர்த்தி மாட்டுவான். மத்தியானம் கோச் கொடி ஓரமாக ஒரு நடை நடந்துவிட்டுப் போய் டீமை எழுதுவார். நல்லவன் எல்லாம் தலைகீழாகத் தொங்குவான், குடித்தவன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நிற்பான் என்று ஆட்டக்காரர்களுக்கு அது ஒரு கேலி. "டேய், சட்டை நிமிர்ந்துடும்டா" என்பது அவர்களுக்குள் ஒரு பேச்சாகிவிட்டது. ஒருத்தன் அக்குளில் சென்ட்டைக் கொட்டிப் பார்த்தான். அவன் சட்டையும் நிமிர்ந்துதான் நின்றது.

கேப்டனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நல்ல உயரம், வாய் ஓயாமல் பேசுகிறவன். கொடிக்குப் பக்கத்திலேயே கோச்சிடம் மல்லுக்கு நின்றான். சோப்பு கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தானாம்.

"கோச், நாலு பேரு சேர்ந்து வெளிய போய் உக்காந்தா குடியா முழுகிடும்?"

"முழுகுறது உன் குடி இல்ல, என் வேலை."

"நம்ம கோல்கீப்பர் ஒரு வருஷமா எங்கூடப் பேசினதே இல்ல. அன்னிக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போனோம். அவன் தங்கச்சி கல்யாணம் நின்ன கதையைச் சொல்லி ஓன்னு அழுதான். அடுத்த வாரத்துலேர்ந்துதான் பந்தை எனக்குப் பார்த்து அடிக்கிறான். சேர்ந்து உக்காராதவன் எப்படி கோச் சேர்ந்து ஆடுவான்?"

"அழணும்னா இங்கேயே அழச் சொல்லு. தண்ணி நான் வாங்கித் தரேன். குடிக்கிற தண்ணி."

கடைசியில் இரண்டு பேரும் ஒரு இடத்துக்கு வந்தார்கள். ஆட்டம் முடிந்த நாளும் அதற்கு மறுநாளும் அவரவர் இஷ்டம். அடுத்த ஆட்டத்துக்கு முந்தின மூன்று நாளில் ஒரு சொட்டுக் கூடாது. அந்த மூன்று நாளில் சட்டை நிமிர்ந்தால் ஆட்டத்தில் இடம் இல்லை. சோப்புக்கு இது நியாயமாகப் பட்டது. பதினோரு சட்டையிலும் ஒரே வாடை அடித்தால் எனக்குக் கவலை இல்லை அக்கா, ஒரே ஒரு சட்டையில் மட்டும் அடித்தால்தான் கவலை என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

சோப்புக்கு ஒரே மகள். பல் டாக்டரிடம் சீட்டு எழுதிக்கொடுக்கிற வேலையில் இருந்தாள். என்னை அத்தை, அத்தை என்று காலைச் சுற்றி வருவாள். அவளைக் கட்டியவன் இந்த டீமில் நாலாம் நம்பர். பின்னால் நின்று தடுக்கிறவன். அதிகம் பேச மாட்டான். அவனுக்கு அப்பா இல்லை. அவன் பெரியப்பாதான் வந்து பேசி முடித்தார். அந்தப் பெரியப்பாவின் மச்சினிச்சி எங்கள் மூத்த பெரியம்மாவின் சம்பந்தி வீட்டுக்குத் தூரத்து உறவு. அதனால் விசாரிக்க வேண்டிய வேலையும் இல்லாமல் போயிற்று. கூட்டாளிகள் வெளியே கூப்பிட்டால் இவனும் போவான். ஒரு கிளாஸை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். முதலில் எழுந்து வருகிறவனும் அவன்தான்.

"மாமனார் மூக்குக்குப் பயப்படுறான்டா" என்று கேலி செய்வார்கள்.

"மூக்குக்கு இல்ல. மூக்கோட மகளுக்கு" என்பானாம். அவன் பேசிய பெரிய ஜோக்கே அவ்வளவுதான்.

அந்த வருஷம் டீம் மோசமாக ஆடியது. கடைசி இடத்துக்கு வந்தால் கீழ் வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். அஞ்சு ஆட்டம் பாக்கி. கோச் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "இனிமே சட்டை நிமிர்ந்தா ஒரு ஆட்டம் இல்ல. கான்ட்ராக்டே இல்ல. அடுத்த வருஷம் அவன் இங்க இல்ல."

அதே வாரத்தில் கோல்கீப்பர் சட்டை நிமிர்ந்தது. அவன் பெண்டாட்டிக்கு அது பிள்ளை பெறுகிற மாசம். கெஞ்சியும் கோச் மசியவில்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு துவைக்கிற அறை வாசலில் வந்து நின்றான்.

"சோப்பண்ணே, ஒண்ணு கேக்குறேன். உங்க மாப்பிள்ளைன்னா இப்படி மாட்டுவீங்களா?"

"மாட்டுவேன்."

"நெஜமா?"

"மாட்டுவேன்ப்பா."

அந்த ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து விட்டிருக்க வேண்டாம். விட்டாயிற்று. கூட நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து மகள் அப்பாவைப் பார்க்க வந்தாள். வந்தவள் பேச்சுவாக்கில், "என்னமோ தெரியலப்பா, இவரு சரியாவே தூங்குறதில்ல. வந்தா ரூம் கதவைச் சாத்திக்கிறாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது இவன் மனசில் முள் மாதிரிக் கிடந்தது. தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு என்றால் வேறு என்ன இருக்கும்? இருபத்தாறு வருஷம் முகர்ந்தவனுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அன்றைக்கு வியாழக்கிழமை. சனிக்கிழமை ஆட்டம். ஓடிவிட்டு வந்த சட்டைகள் கூடையில் கிடந்தன. ஒன்பதாம் நம்பர் முடிந்தது, பதினொன்று முடிந்தது, இரண்டு முடிந்தது. பிறகு நாலு கைக்கு வந்தது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவதற்கு முன்னாலேயே வாடை சுரீர் என்று ஏறியது. அவன் சட்டையை அப்படியே தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டான்.

ஊரான் சட்டையை மூன்று தடவை முகர்ந்தவன், சொந்த மாப்பிள்ளை சட்டையை ஒரு தடவையோடு விட்டான். கழுத்தைப் பார்க்கவில்லை. அக்குளைப் பார்க்கவில்லை. கையில் வைத்திருக்கவே அவனுக்குப் பயமாக இருந்திருக்கிறது. தப்பு நடந்தது அங்கேதான். அது அப்போது தெரியவில்லை.

துணி எல்லாம் அலசி முடிந்து கொடிக்குக் கொண்டுபோனான். நாலாம் நம்பரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். நடுவில் ஒரு பீடி பிடித்தான். கோல்கீப்பர் கேட்டதை நினைத்தானா, மகளை நினைத்தானா என்று நான் கேட்டேன். ஒன்றும் நினைக்கவில்லை அக்கா, கை மட்டும் வேலை செய்தது என்றான். தோளில் இரண்டு கிளிப் போட்டு நிமிர்த்தி மாட்டிவிட்டான்.

அந்த வழியாகத்தான் மாப்பிள்ளை குளித்துவிட்டு வந்தான். துண்டு தோளில் கிடந்தது. தன் சட்டையைப் பார்த்தான். நின்றான். சோப்பு தரையைப் பார்த்தான்.

"மாமா."

"சொல்லுங்க மாப்ள."

"கிளிப்பை இன்னும் ஒண்ணு போடுங்க. காத்து அடிக்குது."

இவன் இன்னொரு கிளிப்பை எடுத்துப் போட்டான். மாப்பிள்ளை போய்விட்டான்.

மத்தியானம் கோச் வந்தார். கொடியின் கடைசியில் வந்து நின்று, இவனைத் திரும்பிப் பார்த்தார். இவன் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு ஆட்டக்காரர்கள் அறையில் கோச் குரல் கேட்டது. சுவர் மெல்லிசு.

"குடிச்சியா?"

"ஆமா."

"எப்ப?"

"நேத்து."

"யாரோட?"

"யாரோடயும் இல்ல. தனியா."

அவ்வளவுதான். கேப்டன் ஓடிவந்து, இவன் அப்படிப்பட்டவன் இல்லை, எங்களோடு வந்தால்கூட வாயில் வைக்க மாட்டான் என்று சண்டை போட்டான். "அவனே ஆமான்னுட்டான், நீ ஏன்யா வக்கீல் வேலை பாக்குற?" என்றார் கோச். சனிக்கிழமை ஆட்டத்தில் நாலாம் நம்பர் இல்லை. அந்த வருஷம் முடிந்ததும் கான்ட்ராக்டும் இல்லை. சோப்புவைப் பார்த்து கிளப்பில் எல்லோரும் ஒரு மாதிரி மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். கோல்கீப்பர்கூடப் போன் செய்து, "அண்ணே, சொன்னதைச் செஞ்சுட்டீங்க" என்றானாம். அதற்கு இவன் சரிப்பா என்று வைத்துவிட்டான்.

மகள் வரவில்லை. போனும் இல்லை. ஒரு மாசம் போல ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலை இவனே போனான். பஸ் டெப்போவுக்குப் பின்னால் மாடி வீடு அவர்களுக்கு. குறுகலான படி. ஐந்தாவது படியில் அதே வாடை வந்தது. சட்டையில் அடித்த அதே வாடை.

படியிலேயே நின்றுவிட்டான். ஒரு தடவை மூச்சை இழுத்தான். இன்னொரு தடவை இழுத்தான். மூன்றாவது தடவையில் புளிப்பு இல்லை என்று தெரிந்தது. வேர்வை இல்லை. பழம் இல்லை. ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் தொட்டுத் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட்.

உள்ளே மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டியிருந்தான். மகள் கீழே உட்கார்ந்து ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து அவன் வலது முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். முட்டி முட்டியாக இல்லை. உள்ளே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. மகள் அப்பாவைப் பார்த்தாள். துணியை எடுத்து மறைக்கப் போனவள், பிறகு மறைக்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை நாளா?" என்றான் சோப்பு.

"ஏழு மாசமாம்" என்றாள் மகள். "எங்கிட்டயே போன மாசம்தான் சொன்னாரு. கதவைச் சாத்திக்கிட்டுத் தனியாத் தேய்ச்சிருக்காரு. காலைல ஓடுறதுக்கு முன்னாடி கிளப்பு பாத்ரூம்லயும் தேய்ச்சுட்டு, கையைச் சட்டையில துடைச்சிருக்காரு."

கீழ் ஓரத்தில் துடைத்திருக்கிறான். அக்குளை ஒரு தடவை முகர்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

"அப்ப அன்னிக்குக் குடிக்கலியா மாப்ள?"

"இல்ல மாமா."

"பின்ன ஏன் ஆமான்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எதைச் சொல்றது? முட்டின்னு சொன்னா அன்னிக்கே கதை முடிஞ்சுது. இந்த கிளப்பு மட்டும் இல்ல, எந்தக் கிளப்பும் எடுக்காது. குடின்னா திருந்திட்டான்னு சொல்ல ஒரு வழி இருக்கு. முட்டிக்கு அப்படி ஒண்ணும் இல்ல."

சோப்பு செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்க சட்டையை நிமித்தி மாட்டினதைப் பாத்ததும் எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அப்புறம் இதுவும் ஒரு வழிதான்னு தோணுச்சு. அதான் ஆமான்னுட்டேன்" என்றான் மாப்பிள்ளை. கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னான்.

"நான் போய் கோச்கிட்ட உள்ளதைச் சொல்லிடுறேன்."

மகள் அப்போதுதான் துணியைக் கீழே வைத்தாள். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா. ஆத்தங்கரைக்கு அந்தப் பக்கத்து டீம்ல இவரைக் கேட்டிருக்காங்க. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆடினா ஆபரேஷனையும் பாத்துக்கலாம், அப்புறம் வேற வேலையும் தேடிக்கலாம். குடியைப் பத்தி மட்டும்தான் விசாரிக்கிறாங்க. அதைப் பத்தி மட்டும் விசாரிக்கட்டும். நீங்க சும்மா இருந்தாப் போதும்."

டீ போடவா என்று கேட்டாள். வேண்டாம் என்று இறங்கி வந்துவிட்டான். வருகிற வழியில் என் வீட்டுக்கு வந்தான். பாதிக் கதையை அன்றைக்குச் சொன்னான். அழவில்லை. என் வீட்டுக் குழாய் சொட்டுவதைப் பார்த்துவிட்டு அதை இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சும்மா இருந்தால் போதும் என்று மகள் சொன்னாளே தவிர, சும்மா இருக்க விடவில்லை. பத்து நாள் கழித்து அந்த டீமோடு இங்கே ஒரு பயிற்சி ஆட்டம். ஆட்டம் முடிந்து சோப்பு ஈரத் துணியைக் கொடிக்குக் கொண்டுபோகிறான். அந்த டீமின் கோச் தேடிக்கொண்டு வந்தார். வாட்டசாட்டமான ஆள். விசில் கழுத்தில் தொங்கியது. ஒரு கம்பத்தில் சாய்ந்து நின்றார்.

"சோப்பண்ணன்ங்கிறது நீங்கதானே?"

"ஆமா சார்."

"உங்க மாப்பிள்ளை விஷயமா வந்தேன். நல்லா ஆடுற பையன். திடீர்னு ஏன் விட்டாங்கன்னு கேட்டா எல்லாரும் குடிங்கிறாங்க. பின்னாடி நின்னு ஆடுற ஆளு, இந்த வருஷம் திரும்பி ஓடும்போது கொஞ்சம் பிசகுற மாதிரி தெரிஞ்சுது எனக்கு. அதான் உங்ககிட்டயே கேட்டுடலாம்னு."

சோப்பு ஒரு சட்டையை உதறினான்.

"மாமனார்கிட்டப் போய் கேக்குறீங்களேன்னு எங்க ஆளுங்களே சிரிச்சாங்க. நான் சொன்னேன், சொந்த மாப்பிள்ளை சட்டையையே நிமித்தி மாட்டின மனுஷன், அவரு வாயில பொய் வராதுன்னு. சொல்லுங்க. குடிதானா? வேற ஒண்ணும் இல்லையே?"

இருபத்தாறு வருஷத்தில் அவன் யாரைப் பற்றியும் வாயால் சொன்னதில்லை. துணியைக் காயப்போட்டான், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். காயப்போட்டு நிரூபிக்க இப்போது கையில் நாலாம் நம்பர் இல்லை. அது வேறு ஒருத்தனுக்குப் போய்விட்டது.

"குடிதான் சார்" என்றான்.

"அதிகமா?"

"அதிகம்தான். தனியா உக்காந்து குடிப்பாப்ல. இப்ப விட்டாச்சு. என் மகள் விட வச்சுட்டா."

"உடம்புல ஒண்ணும் கோளாறு இல்லையே? காலு கையி?"

"காலுக்கென்ன சார், நல்லாத்தான் இருக்கு. குடியை விட்டா பிசகாது."

அந்த கோச் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஈரக் கை. "உங்களை மாதிரி ஆளு ஒருத்தர் சொன்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு விசிலைச் சுழற்றிக்கொண்டே போனார். மறுவாரம் மாப்பிள்ளைக்குக் கான்ட்ராக்ட் வந்தது. மகள் போன் செய்து, "அப்பா, வந்துருச்சு" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை அங்கே பதினான்கு ஆட்டம் ஆடினான். பதினைந்தாவதில் முட்டி போயிற்று. எல்லோர் முன்னாலும் ஆட்டத்தில் போனதால் அந்த கிளப்பே ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனது. இப்போது லாரிகளுக்குச் சரக்கு எழுதுகிற இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். நடக்கிறான், படி ஏறும்போது மட்டும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறான். பழைய டீமில் இன்னும் அவனைக் குடித்துக் கெட்டுப்போனவன் என்றுதான் சொல்கிறார்கள். புதிதாக வருகிற பையன்களுக்கு கோச் அவன் கதையைத்தான் சொல்லி மிரட்டுகிறாராம். கேப்டன் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவானாம்.

மிச்சக் கதையைச் சோப்பு எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் சொன்னான். அந்த கோச் கையைக் குலுக்கிவிட்டுப் போன பிறகு என்னடா செய்தாய் என்று கேட்டேன்.

"என்ன பண்றது? கூடையில இன்னும் ஒன்பது சட்டை இருந்துச்சு. மாட்டினேன்."

"எப்படி மாட்டின?"

"எல்லாத்தையும் தலைகீழாத்தான் அக்கா" என்றான். "அன்னிக்கு நான் எதையும் மோந்து பாக்கல."